சுண்டுவிரல் போகும் இடம்

டயரின் பக்கச்சுவரில்
இருநூற்றிருபத்தைந்து என்று எழுதியிருந்தது.
என் காரின் கதவுத் தூணில் ஒட்டிய தாள்
நூற்றுத்தொண்ணூற்றைந்து என்றது.
நடுவே முப்பது மில்லிமீற்றர்.
ஒரு தீப்பெட்டியின் அகலம்கூட இல்லை.

நான்கும் சேர்த்து நூற்றிருபது டொலர்.
விற்றவனிடம் இப்போது கார் இல்லை.
எப்படி என்று நான் கேட்கவில்லை,
அவன் கழுத்தில் பட்டை போட்டிருந்தான்.

றிம் மாற்றக் காசில்லை.
தொழிற்சாலையிலிருந்து வந்த அதே இரும்பு,
ஆறு அங்குலம்,
துருவின் சிவப்பும் உப்பின் வெள்ளையும்.
"ஏறும்" என்றான் யூட்.
"ஏறும், ஆனா..."
அந்த 'ஆனா'வை லிவரால் நெம்பிவிட்டு
மிச்சத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

காற்று நிறைய
விளிம்புகள் டப், டப் என்று வெடித்து அமர்ந்தன.
பாவாடை நாடாவுக்கு மேல் சதை பிதுங்குவதுபோல
ஒடுங்கிய இரும்புக்கு மேல் ரப்பர் பிதுங்கியது.
அளந்து பார்த்தான். இருநூற்றிருபது.
"அஞ்சை றிம் விழுங்கிட்டுது, அக்கா."

பிறகு சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு
ஷொக் தண்டுக்கும் டயருக்கும் நடுவே
விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தான்.
பெருவிரல் போகவில்லை.
மோதிரவிரல், மோதிரத்தைக் கழற்றியும் போகவில்லை.
சுண்டுவிரல் போனது.
"இவ்வளவுதான் உங்கட இடம்."

இரவு தங்கை அழைத்தாள்.
வீட்டுக்கடன் எடுத்த நாளிலிருந்து
அவளிடம் இருப்பது ஒரே வாக்கியம்:
அகலக்கால் வைக்காதை.
வைச்சிட்டன் பிரேமளா,
நாலு காலும் வைச்சிட்டன் என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் முழுக்க நன்றாக ஓடியது.
வேகமுள் நூறு என்று காட்டும்போது
நான் நூற்றிரண்டில் போய்க்கொண்டிருந்தேன்,
முள்ளுக்குத் தெரியாமல்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்தால் மட்டும்
ஒரு சத்தம், சர்ர்க்,
ஈரப் பலகையில் செருப்பைத் தேய்த்ததுபோல.
பராமரிக்கப் போகும் ஒன்பது வீடுகளில்
ஒன்றுக்குத்தான் அப்படி ஒடிக்க வேண்டும்.
செல்கேர்க் அவெனியூவின் பின்சந்து,
ஓரெஸ்ட் வீடு.

வின்னிபெக்கில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
இப்போது அவருக்கு
ஒல்லியாய் இரண்டு சக்கரம், இரண்டு குட்டிச் சக்கரம்.
சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைத்து
மருந்துப்பெட்டியோடு காத்திருப்பார்.
"இடது முன்" என்பார்,
காலை வணக்கத்துக்குப் பதிலாக.

நவம்பரில் பனி வந்தது.
உருகித் தெறித்து மறுபடி உறைந்து
சுண்டுவிரலின் இடத்தை எடுத்துக்கொண்டது.
ஒவ்வொரு வீட்டு வாசலிலும்
சப்பாத்தால் உதைத்து உதைத்துக்
கறுத்த பனிக்கட்டியை விழுத்தினேன்.

அகலம் என்றால் இறுக்கிப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.
அது மிதந்தது.
மக்ஃபிலிப்ஸ் சந்தியில்
சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே
பிரேக்கை மிதித்தபடியே
ஒரு பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை நோக்கி,
பல் வைத்தியர் ஒருவரின் சிரிப்பை நோக்கி,
மெதுவாக, மரியாதையாக, வழுக்கிப் போனேன்.
ஒரு சாண் மிச்சம்.

ஒல்லி பனியை வெட்டிக்கொண்டு தரைக்கு இறங்கும்.
அகலம் பனியின்மேல் ஏறி நிற்கும்.
யூட் சொல்லாமல் விட்டது இதுதானா,
இல்லை அந்த 'ஆனா'வுக்குள்
இன்னும் ஏதும் கிடக்கிறதா, தெரியாது.

பழைய ஒல்லிகள் திரும்ப ஏறின.
அகலமானவை பல்கனியில்
பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு
ஒன்றன்மேல் ஒன்றாய்.

மறுநாள் ஓரெஸ்ட் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.
மணி அடித்தேன். மறுபடி அடித்தேன்.
ஒரு காலில் மட்டும் காலுறையோடு வந்து திறந்தார்.
என்னைத் தாண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.
"எதையோ சரிசெய்துவிட்டாய்" என்றார்,
நான் எதையோ உடைத்துவிட்டதுபோல.

இப்போது சந்துக்குள் திரும்பும்போது
ஹோர்னை ஒருதரம் தட்டுகிறேன், சின்னதாய்.
யாருடைய ஹோர்னாகவும் இருக்கலாம் என்கிறார் அவர்.